எரேமியா நூலில் அறிதலும் காத்தலும்: ஒரு நோக்கு

விவிலியத் தீர்க்கதரிசிகளைப் பற்றிப் பேசுவோர் இரண்டு கருத்துக்களைப் பிரிக்கவியலாதவாறு இணைத்துக் கூறுவது வழக்கம். இறைவன் தன் அடியாரை அறிவான். ஆதலால் அவரைக் காப்பான் என்பதே அது. இக்கூற்றின் இரு பகுதிகளையும் இணைக்கும் ‘ஆதலால்’ என்ற சொல்லே ஆராயத்தக்கது. எரேமியாவின் நூலை முழுமையாக நோக்குமிடத்து, அச்சொல் எளிதிற் பொருந்துவதாய் இல்லை.

தமிழில் நெடுங்காலம் வழங்கிய ‘தீர்க்கதரிசி’ என்ற சொல்லும் இவ்விடத்து மனங்கொளத்தக்கது. வருவதை முன்னுணர்பவன் என்ற பொருளையே அது முதன்மைப்படுத்துகிறது. 1995இல் வெளிவந்த ‘திருவிவிலியம்’ என்னும் பொது மொழிபெயர்ப்பு ‘இறைவாக்கினர்’ என்ற சொல்லை ஆண்டது. இறைவன் சார்பிற் பேசுபவனைக் குறிக்கும் ‘நாபி’ என்ற எபிரேயச் சொல்லுக்கு இதுவே அணுக்கமானது. முன்னறிவிப்பவனிடம் மக்கள் உத்தரவாதத்தை எதிர்பார்ப்பர். வாக்கினனோ பெரும்பாலும் கண்டனத்தையே கொண்டு வருகிறான்.

யூதாவின் அரசன் யோசியாவின் 13ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 627 அளவில், எரேமியா அழைக்கப்பட்டதாக நூல் கூறும். தாயின் கருவில் உருவாகுமுன்னரே இறைவன் தன்னை அறிந்திருந்தான் என்பதே அவன் பெறும் முதற் செய்தி. ஈண்டு ‘அறிதல்’ என்பதற்கு ஆளப்பட்ட எபிரேய வினை வெறும் தகவலறிவைக் குறிப்பதன்று. உறவையும் தெரிவையும் உள்ளடக்கியது. அறியப்பட்டமையால் எரேமியாவுக்கு ஆறுதல் கிடைக்குமுன் பணி கிடைக்கிறது. காப்பேன் என்ற வாக்கும் உடன் வருகிறது; ஆயின், எதிர்ப்பு நேரும் என்பதையும் அவ்வாக்கே உணர்த்திவிடுகிறது. எதிரியில்லாதவனுக்குக் காவல் எதற்கு?

ஏறத்தாழ கி.மு. 609இல் யோயாக்கீம் அரசனானதும், எரேமியா எருசலேம் ஆலயத்தில் நின்று பேசுகிறான். ஆலயம் இருப்பதனால் நகரம் அழியாது என்ற நம்பிக்கையையே அவன் தாக்குகிறான். ஏழையை ஒடுக்கிவிட்டு ஆலயத்துள் ஒதுங்குவோருக்கு அது கள்வரின் மறைவிடமாகிவிடுகிறது என்பது அவன் வாதம். இதற்காக அவனைக் கொல்ல முயல்கின்றனர். சாப்பானின் மகன் அகீக்காம் துணைநின்றமையால் அவன் தப்புகிறான். அதே அத்தியாயத்தில் உரியா என்ற மற்றொரு தீர்க்கதரிசியும் குறிக்கப்படுகிறான். அவனும் அதே செய்தியையே கூறினான், எகிப்துக்கு ஓடினான், பிடித்துவரப்பட்டு வாளால் மடிந்தான். ஒருவன் காக்கப்பட, மற்றவன் ஏன் காக்கப்படவில்லை? நூல் விடை கூறாது இரண்டையும் அருகருகே வைத்துச் செல்கிறது. இம்மௌனமே அதன் நேர்மைக்குச் சான்று எனலாம்.

கி.மு. 594 அளவில் நிகழும் அனனியாவுடனான மோதல் இச்சிக்கலைக் கூர்மைப்படுத்துகிறது. பாபிலோனின் நுகம் இரண்டு ஆண்டுகளில் முறியுமென அனனியா இறைவன் பெயராலேயே அறிவிக்கிறான். பாதுகாப்பை வாக்களிப்பவன் இங்கே அவன்தான். எரேமியா முதலில் ‘ஆமென்’ என்று கூறுகிறான். அவ்வாறே நிகழுமாயின் அவனும் மகிழ்வான். ஆனால், நாடுகடத்தப்பட்டோருக்கு அவன் அனுப்பும் கடிதமோ வீடு கட்டுமாறும் தோட்டமிடுமாறும் அந்நிய நகரின் நலனுக்காக மன்றாடுமாறும் கூறுகிறது. காத்தல் என்பது பழைய நிலைக்கு மீளல் அன்று, அழிவின் பின்னும் வாழ்தல் என்ற புதுப்பொருள் இங்கு உருவாகிறது. அனனியா அவ்வாண்டிலேயே இறந்தான் என நூல் முடிப்பது இச்சிக்கலை ஓரளவு எளிதாக்கிவிடும் குறைபாடாகும். அன்று இருவரையும் கேட்டு நின்ற மக்களுக்கு அத்தகைய முடிவு கையில் இருக்கவில்லை.

எருசலேம் முற்றுகையின்போது எரேமியா சேறு நிறைந்த துரவொன்றில் இறக்கப்படுகிறான். அவனைத் தூக்கி எடுப்பவன் அரண்மனை ஊழியனான எத்தியோப்பியன் எபெத்மெலேக். கயிறு உடலை அறுக்காதவாறு அக்குளில் வைத்துக்கொள்ளப் பழந்துணிகளையும் அவன் இறக்குகிறான். நூல் முழுவதிலும் இறைபாதுகாப்பின் மிகத் தெளிவான உருவம் இதுவே: ஓர் அந்நியனின் துணிவும் சில கந்தைகளும். அற்புதம் எதுவும் நிகழவில்லை.

எபெத்மெலேக்குக்கும் எழுத்தனான பாருக்குக்கும் காப்பு வாக்களிக்கப்படுகிறதே என வாதிடலாம். உண்மையே. ஆயினும் போரில் அகப்பட்ட கொள்ளைப்பொருள்போல் உயிர் மட்டுமே அவர்களுக்கு எஞ்சும் என்பதே அவ்வாக்கு. பெருமையோ செல்வமோ அதிலில்லை. எரேமியாவும் தன் பிறந்த நாளைச் சபித்து, இறைவன் தன்னை ஏமாற்றிவிட்டான் என்றே முறையிடுகிறான். அம்முறையீடுகளை நூலிலிருந்து எவரும் நீக்கவில்லை.

உண்மையில் நூலில் முழுமையாகக் காக்கப்படுவது வாக்கே. யோயாக்கீம் அரசன் சுருளைத் துண்டுதுண்டாக அறுத்துத் தீயிலிட்டபோது, பாருக் அதனை மீண்டும் எழுதினான். மேலும் பல சொற்களும் சேர்ந்தன. கி.மு. 587 அல்லது 586இல் ஆலயம் எரிந்தது. எரேமியா விருப்பமின்றியே எகிப்துக்குக் கொண்டு செல்லப்பட்டான். அவன் முடிவை நூல் கூறவில்லை. சுருள் மட்டும் எஞ்சியது.

ஆகவே, இறைவன் அறிவான் என்பதை இடரின்மைக்கான உறுதியாகக் கொள்வோர், தம்மையறியாமலே அனனியாவின் பக்கத்தில் நிற்கின்றனர். எரேமியா காட்டும் அறிதல் மனிதனைப் பொறுப்புக்கு அழைக்கிறது; அவன் காட்டும் காத்தல் பிற மனிதரின் கைகளாலேயே நிகழ்கிறது. அக்கைகள் நீளாதபோது உரியாக்கள் மடிகின்றனர். இவ்வுண்மையை மறையாது பதிந்துவைத்தமையே எரேமியா நூலின் நிலைத்த பெருமையாகும்.