சத்தமான நீதிபதியோடு 16 பகுதிகள்

‘மிஸ் ஹம்முராபி’ தொடரைப் பாதியில் நிறுத்தியவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே காரணம்தான் வரும்: கதாநாயகியைத் தாங்க முடியவில்லை. எதற்கெடுத்தாலும் பொங்குகிறாள், வழக்குக்கு வந்தவர்களைப் பார்த்துக் கண்கலங்குகிறாள், மேலதிகாரியிடம் எதிர்த்துப் பேசுகிறாள். இவளெல்லாம் ஒரு நீதிபதியா? கடைசிவரை பார்த்தவர்களோ அதே பெண்ணுக்காகத்தான் பார்த்தோம் என்பார்கள். ஒரே பாத்திரத்தின் மேல் இவ்வளவு எரிச்சலும் இவ்வளவு பிரியமும் விழுவதை எழுத்தாளர் எதிர்பார்த்தே எழுதியிருக்கிறார் என்பது என் கட்சி. அந்த எரிச்சலைக் கையில் வைத்துக்கொண்டே பார்ப்பதுதான் இந்தத் தொடரை ரசிக்கும் வழி.

எழுதியவர் மூன் யூ-சோக். 2018ஆம் ஆண்டு மே மாதம் தென்கொரியாவின் ஜேடிபிசி சேனலில் இது ஒளிபரப்பானபோது அவர் பதவியில் இருந்த நீதிபதி. தன்னுடைய நாவலுக்குத் தானே திரைக்கதை எழுதினார். அதனால்தான் வேறு நீதிமன்றத் தொடர்களில் காணக்கிடைக்காத சில்லறை விஷயங்கள் இதில் கொட்டிக் கிடக்கின்றன. வழக்குக் கட்டுகளைத் தள்ளுவண்டியில் வைத்து வராந்தாவில் உருட்டிக்கொண்டு போகிறார்கள். இரவு முழுக்க உட்கார்ந்து படிக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஓர் அமர்வின் நீதிபதிகள் சேர்ந்து போவது அங்கே நெடுநாள் வழக்கம். எங்கே, என்ன சாப்பிடுவது என்று ஏற்பாடு செய்வது ஆகக் கடைசியாக வந்தவரின் தலையில் விழும். கதை சாப்பாட்டு மேசைக்குப் போகும்போது போனை எடுத்துவிடாதீர்கள். அமர்வுக்குள் யார் பேச்சு எடுபடுகிறது, யார் வாயை மூடிக்கொள்கிறார் என்பது அங்கேதான் முதலில் தெரியும்.

ஒளிபரப்பான காலத்தையும் கொஞ்சம் நினைவில் வைக்கவேண்டும். அந்த ஜனவரியில்தான் சோ ஜி-ஹியுன் என்ற பெண் அரசு வழக்கறிஞர், மூத்த அதிகாரி ஒருவர் தன்னிடம் அத்துமீறியதைத் தொலைக்காட்சி நேரலையில் வந்து சொன்னார். கொரியாவில் ‘மீ டூ’ அலை கிளம்பியது அந்தப் பேட்டியிலிருந்துதான். பேட்டியை ஒளிபரப்பியதும் இதே ஜேடிபிசி. தொடர் தொடங்கிய அதே வாரத்தில் வேறொரு குண்டும் விழுந்தது. உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி யாங் சுங்-டே காலத்தில் நீதிமன்ற நிர்வாகம் நீதிபதிகளைக் கண்காணித்தது, வழக்குகளை வைத்து அரசோடு பேரம் பேச எண்ணியது என்று நீதித்துறையின் சொந்த விசாரணை அறிக்கையே வெளிவந்தது. நீதிபதிகளை யாரும் நம்பாத ஒரு கோடையில், வாரம் இரண்டு இரவு, இலட்சியம் பேசும் நீதிபதி ஒருத்தி வீட்டுக்குள் வந்தாள். ‘இப்படியெல்லாம் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்’ என்று உருகியவர்களும் ‘எங்கே இருக்கிறார் இப்படி ஒரு நீதிபதி’ என்று கசந்தவர்களும் செய்தியையும் தொடரையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்கள். பிற்பாடு ஓடிடியில் வசனவரியோடு பார்க்கிற நமக்கு அந்த வெக்கை தெரியாது. வசனங்கள் சில இடங்களில் மேடைப்பேச்சு போலத் தோன்றினால், அவை யாரைப் பார்த்துப் பேசப்பட்டன என்பதை ஞாபகப்படுத்திக்கொள்ளலாம்.

முதல் பகுதி கொஞ்சம் சோதனைதான். சியோல் சுரங்க ரயிலில் காலை அகட்டி உட்கார்ந்திருப்பவனுக்குப் பாடம் எடுத்து, சில்மிஷம் செய்தவனைப் பிடித்துக்கொடுத்துவிட்டு வேலைக்கு வந்து சேர்கிறாள் பாக் சா ஓரும் (கோ ஆரா). குட்டைப் பாவாடை நீதிபதிக்கு அழகா என்று அவளுடைய அமர்வின் தலைமை நீதிபதி கடிந்துகொண்டதும், தலைமுதல் கால்வரை கறுப்பால் மூடிக்கொண்டு வந்து நிற்கிறாள். இது நகைச்சுவைக்கு வைத்த காட்சி; எனக்கு அது பிடிக்கவில்லை, இன்னொரு சமூகத்தின் உடையை வேடிக்கைப் பொருளாக்குவது இந்தத் தொடரின் பிற்பாடான பக்குவத்தோடு ஒட்டவில்லை. முதல் இரண்டு பகுதிகளில் சத்தம் அதிகம் என்பதை ஒப்புக்கொண்டே மேலே போகலாம். நாலாவது பகுதிவரை அவளைப் பற்றித் தீர்ப்பு எழுதாதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

நமக்கு இன்னொரு தடையும் உண்டு. நீதிமன்றம் என்றதும் நம் காது வசனத்தைத் தேடும். 1952இல் ‘பராசக்தி’யின் குணசேகரன் கூண்டில் நின்று பேசியதிலிருந்து அந்தப் பழக்கம். 1984இல் வந்த ‘விதி’யின் நீதிமன்ற வாதத்தை ஒலிநாடாவில் போட்டுத் தெருவெல்லாம் கேட்டோம். அங்கெல்லாம் கூண்டில் நிற்பவரும் வக்கீலும்தான் நாயகர்கள். நீதிபதி மேடையில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்வார், ‘ஆர்டர், ஆர்டர்’ என்று சுத்தியலைத் தட்டுவார். (நம்மூர் நீதிமன்றத்தில் சுத்தியல் தட்டுவதில்லை என்பது போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கொரியாவிலும் இல்லை, இந்தத் தொடரிலும் இல்லை.) ‘மிஸ் ஹம்முராபி’யில் கேமரா மேடையில் இருப்பவர்களின் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது. வக்கீல்களின் பேச்சு பல சமயம் பின்னணி இரைச்சல்தான். அதைக் கேட்கிறவர்களின் முகம்தான் காட்சி.

அந்த மேடையில் மூன்று நாற்காலிகள். நடுவில் தலைமை நீதிபதி ஹான் சேசாங். ‘ரிப்ளை 1988’ தொடரின் அப்பாவாக நம்மில் பலருக்குப் பழக்கமான சுங் டாங்-இல் நடித்திருக்கிறார். அவருடைய வலப்பக்கம் மூத்த துணை நீதிபதி, இடப்பக்கம் இளையவர் என்பது அங்கே முறை. பார்க்கிற நமக்குப் பக்கம் மாறித் தெரியும். வலப்பக்கத்தில் இம் பாருன் (கிம் மியுங்-சூ): சட்டத்தைத் தாண்டி ஒரு அடி வைக்க மாட்டான், மனிதர்கள்மேல் பெரிய நம்பிக்கையும் கிடையாது. இடப்பக்கத்தில் ஓரும். ஒரு சாட்சி பேசும்போது இந்த மூன்று முகங்களையும் மாறி மாறிக் கவனியுங்கள். ஓரும் சாட்சியைப் பார்ப்பாள், பாருன் கட்டைப் பார்ப்பான், சேசாங் பெரும்பாலும் கடிகாரத்தைப் பார்ப்பார். பகுதிகள் போகப்போக இந்தப் பார்வைகள் இடம் மாறுகின்றன. யாரும் அறிவிக்காமல், பின்னணி இசைகூட இல்லாமல் நடக்கும் மாற்றம் அது. தொடரின் உண்மையான கதை என்று நான் சொல்லுவது அதைத்தான். காதல் கதையைத் தாண்டி ஓடவிட்டாலும் நட்டமில்லை.

தொடக்கத்தில் வரும் பாட்டியின் விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மகனை அறுவைச் சிகிச்சையில் பறிகொடுத்தவர் நீதிமன்ற வாசலில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஓரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து அழுகிறாள். பார்க்கிற நமக்கு மனம் இளகும். பாருனுக்கோ கோபம் வருகிறது. ஒரு தரப்போடு உட்கார்ந்து அழுத நீதிபதியை மற்றத் தரப்பு எப்படி நம்பும்? நியாயமான கேள்வி. இந்த இடத்தில் பார்வையாளர்கள் இரண்டாகப் பிரிந்து, பாருன் கல்நெஞ்சன் என்றோ ஓரும் விளையாட்டுப்பிள்ளை என்றோ சொல்லிவிட்டு நகர்வார்கள். இருவரில் யாரையும் முட்டாளாக்காமல் எழுத்தாளர் அந்தச் சண்டையை நடத்தியிருப்பதை அப்போது தவறவிடுவோம். இருவரும் மாறி மாறித் தோற்கிறார்கள். அவளுடைய ஈரம் ஒரு வழக்கில் மற்றவர்கள் பார்க்காததைப் பார்க்கவைக்கிறது, இன்னொரு வழக்கில் கண்ணை மறைக்கிறது. பின்பாதியில் ஓருமின் நடுநிலையையே ஊர் சந்தேகிக்கும் கட்டம் வருகிறது. அப்போது அவளைத் திட்டுகிற கூட்டத்தின் சொற்கள், முதல் பகுதியில் நாம் அவளைப் பற்றிச் சொன்ன சொற்களோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகும்.

பாலியல் தொல்லைக்காக வேலைநீக்கம் செய்யப்பட்ட விளம்பர நிறுவன அதிகாரி, அந்த நீக்கம் செல்லாது என்று கேட்டு வரும் வழக்குதான் ஈரத்துக்கும் நடுநிலைக்கும் நடக்கும் இந்தச் சண்டையைச் சோதிக்கச் சரியான இடம். கூட வேலை செய்தவர்கள் அவருக்காகச் சாட்சி சொல்கிறார்கள். விடை என்ன என்பது நமக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் தீர்ப்பு எழுதவேண்டியவர்களுக்குத் தோன்றினால் போதாது. எந்தச் சாட்சியை ஏன் நம்பவில்லை என்று காரணம் எழுதவேண்டும், மேல்முறையீட்டில் அது நிற்கவேண்டும். அங்கே கோபத்தைக் காரணமாக மாற்றும் வேலையை ஓரும் கற்றுக்கொள்கிறாள். தீர்ப்பு வாசிக்கும் காட்சி வருமுன் நிறுத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் உங்கள் தீர்ப்பையும் அதற்கான காரணத்தையும் சொல்லிப்பாருங்கள். தீர்ப்பு சட்டென்று வாயில் வந்துவிடும். காரணம்தான் இழுக்கும்.

குறைகள் சொல்லாமல் விட்டால் ஹான் சேசாங் கோபித்துக்கொள்வார். ஓருமைச் சுற்றி வரும் பணக்கார வாரிசுப் பாத்திரம் கொரியத் தொடர்களின் பழைய அச்சு. சில வழக்குகள் ஒரு உருக்கமான பேச்சில் தீர்ந்துவிடுகின்றன. சேசாங்கின் வாயில் வைத்த நீதி போதனைகளைப் பாதியாக வெட்டியிருக்கலாம். இதற்கெல்லாம் ஈடாக நீதிமன்றத்துக்குள்ளேயே நடக்கும் அநியாயத்தைத் தொடர் மூடி மறைக்கவில்லை. துணை நீதிபதிகளை ஓய்வில்லாமல் பிழிந்தெடுக்கும் ஒரு தலைமை நீதிபதியின் கீழ் கர்ப்பிணியான இளம் நீதிபதி உழைத்துச் சரிந்து விழுகிறார். ஊருக்கெல்லாம் தொழிலாளர் சட்டம் படிக்கிறவர்கள் தங்கள் அலுவலகத்துக்குள் வாயைத் திறக்கப் பயப்படும் அந்தப் பகுதிகளை எழுத வெளியாள் ஒருவருக்கு வந்திருக்காது.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்கவேண்டாம். ஒளிபரப்பில் வாரத்துக்கு இரண்டு பகுதிதான் வந்தது. அதே வேகம் போதும். இடையில் சண்டைபோட ஆளிருந்தால் இன்னும் நல்லது. ஓருமைப் பிடிக்காத ஒருவரைத் துணைக்கு உட்காரவைத்துப் பார்த்தால் இந்தத் தொடர் இருமடங்கு சுவைக்கும்.

முடித்ததும் அதே எழுத்தாளரின் ‘தி டெவில் ஜட்ஜ்’ பக்கம் போங்கள். மூன் யூ-சோக் 2020இல் பதவியை விட்டார். 2021இல் டிவிஎன் சேனலில் இந்தத் தொடர் வந்தது. கற்பனையான, நொறுங்கிப்போன ஒரு கொரியா. விசாரணை நேரலையாகத் தொலைக்காட்சியில் ஓடுகிறது. மக்கள் போனில் செயலியைத் திறந்து குற்றவாளியா இல்லையா என்று வாக்களிக்கிறார்கள். ஜி சுங் நடித்த நீதிபதி காங் யோ-ஹான் முதல் வழக்கிலேயே ஊருக்கு நஞ்சூட்டிய முதலாளிக்கு 235 ஆண்டு சிறை கொடுக்கிறார். கைதட்டத்தான் தோன்றும், அவ்வளவு அழகாக எடுத்திருக்கிறார்கள். பொறுமையாகக் கட்டைப் படிக்கும் நீதிபதிகளைப் பார்த்து ‘இழுக்கிறது’ என்று அலுத்துக்கொண்டவர்களுக்கு அவர்கள் கேட்ட வேகத்தையே கொடுத்து, அதன் விலையைப் பகுதி பகுதியாக வசூலிக்கிறார் எழுத்தாளர். இதை முதலில் பார்த்துவிட்டு ஹம்முராபிக்கு வந்தவர்கள் சப்பென்று இருக்கிறது என்பார்கள். வரிசையை மாற்றாதீர்கள். இரண்டையும் முடித்தபின் நேரமிருந்தால், கிம் ஹே-சூ சிறார் நீதிபதியாக வரும் ‘ஜுவனைல் ஜஸ்டிஸ்’ நெட்ஃப்ளிக்ஸில் இருக்கிறது. இளங்குற்றவாளிகளைக் கண்டாலே வெறுப்பு என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்காரும் நீதிபதி அவர். ஓருமோடு சண்டைபோட்டவர்கள் அவரோடு எப்படி ஒத்துப்போகிறார்கள் என்று பார்க்கலாம்.