எரிந்த ஏடுகளின் பட்டியல்

எழுதியவரின் நோக்கத்தைக் கடந்து வேறொன்றாகிவிடும் நூல்கள் சில உண்டு. அயர்லாந்தின் பொது ஆவணக் காப்பகத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் வுட் 1919இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் அத்தகையது. டப்ளின் நகரில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த அக்காப்பகத்தின் ஆவணங்களை அது வகைப்படுத்திக் கூறுகிறது. மக்கள்தொகைக் கணக்கேடுகள், உயில்கள், நீதிமன்றப் பதிவுகள், ஆங்கிலிக்கன் திருச்சபையின் பங்கேடுகள் எனப் பட்டியல் நீள்கிறது. நடையழகை அதில் தேடுவதற்கில்லை.

மூன்றே ஆண்டுகளில் அந்நூல் ஓர் இரங்கற்பாவாயிற்று. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், வெடிப்பிலும் தீயிலும் காப்பகக் கருவூலம் அழிந்தது. 1821 முதல் 1851 வரையிலான கணக்கேடுகள் சில துணுக்குகள் நீங்கலாகச் சாம்பலாயின. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசே முன்னதாக அழித்திருந்தது. ஆகவே இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கும் முதற் கணக்கேடு 1901ஆம் ஆண்டினதே. ஏறத்தாழ பத்து இலட்சம் பேரை மாய்த்து, அதனினும் மிகுதியானோரைக் கடல் கடக்கச் செய்த 1845-1852 பெரும் பஞ்சத்திற்குப் பின் அரை நூற்றாண்டு கழித்து எழுதப்பட்டது அது. கப்பலேறியவர்களின் வழிவந்தோர் வுட்டின் நூலைத் திறந்தால், பாட்டனின் பெயர் இருந்திருக்கக்கூடிய ஏட்டின் பெயரைக் காண்பர், பாட்டனைக் காணமாட்டார்.

இந்நூலை நாம் மதிப்பிடுகையில் அது கூறாததையும் கணக்கில் கொள்ள வேண்டும். அரசு தன்னுடையதெனக் கருதிச் சேர்த்தவையே அதில் உள்ளன. கத்தோலிக்கப் பங்குகளின் திருமுழுக்கு, திருமண ஏடுகள் அரசு ஆவணங்களாக எண்ணப்படவில்லை. எனவே அவை பங்குகளிலேயே தங்கின. மதித்துச் சேர்க்கப்பட்டவை எரிந்தன; புறக்கணிக்கப்பட்டவை பிழைத்தன. இம்முரணை வுட் அறிந்திருக்க வழியில்லை.

பிழைத்த ஏடுகளையும் மிகையாகப் போற்றலாகாது. மேற்குப் பகுதிகளில் பல 1820க்குப் பின்னரே தொடங்குகின்றன. அடக்கப் பதிவுகள் அரிது. ஒரே பங்கில் ஒரே பெயருடையோர் பலர். எனினும் 1847-1864 காலத்து கிரிஃபித் நில மதிப்பீட்டோடு இவற்றை ஒப்பிட்டுப் பார்ப்போம். வரி விதிப்பதற்காக எழுந்த மதிப்பீடு, நிலத்தையோ வீட்டையோ வைத்திருந்தவரை மட்டுமே பெயரிடுகிறது. அவர் மனைவியும் மக்களும் அதில் இல்லை. திருமுழுக்கு ஏடோ குழந்தையையும், பெற்றோரையும், பெரும்பாலும் தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயரையும், ஞானப் பெற்றோரையும் சேர்த்தே எழுதுகிறது. செலுத்த வேண்டியவர் யார் என்பது ஒன்றின் வினா; இக்குழந்தை யாருடையது என்பது மற்றதன் வினா. மூதாதையரைத் தேடுவோர் இவ்வேறுபாட்டை உணர்ந்து படித்தல் வேண்டும். ஏடு நின்றுவிடும் இடத்தில் ஊகத்தை உண்மையெனச் சேர்ப்பது முன்னோருக்குச் செய்யும் மரியாதையன்று.

2015இல் அயர்லாந்து தேசிய நூலகம் இவ்வேடுகளின் படிமங்களை இணையத்தில் கட்டணமின்றி வழங்கியது. 2022இல், எரிந்த காப்பகத்தை மின்வடிவில் மீட்டெழுப்பும் முயற்சியில் அறிஞர்கள் வுட்டின் பட்டியலையே அடிப்படையாகக் கொண்டு, வேறிடங்களிலிருந்த படிகளைத் திரட்டித் தந்தனர். இழந்தது இன்னதென்று தெரிந்ததால்தான் தேட முடிந்தது. அவ்வகையில், சுவையற்ற இப்பட்டியல் பெரும் பணி ஆற்றியுள்ளது. பெயர்களைப் பிழையின்றி எழுதிவைக்கும் சிறு கடமையை அற்பமெனக் கருதும் நமக்கு இந்நூல் ஒரு மௌனக் கண்டனமுமாகும்.