விதியில் எழுதப்படாத உரிமை: கொரிந்தியன்ஸ் ஜனநாயகம் குறித்து

பிரேசிலின் சாவோ பாவுலோ நகரைச் சேர்ந்த கொரிந்தியன்ஸ் கால்பந்துக் கழகத்தில் 1982க்கும் 1985க்கும் இடையில் நடைமுறையில் இருந்த ‘கொரிந்தியன்ஸ் ஜனநாயகம்’, இராணுவ ஆட்சிக்கு எதிரான மக்கள் எழுச்சியின் ஓர் அத்தியாயமாகவே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. அந்த நினைவு பொய்யன்று. ஆயினும் சட்டையில் பொறித்த வாசகங்களும் பேரணி மேடைகளும் கண்ணை நிறைத்துவிடுவதால், ஊதியத்துக்கு உழைக்கும் சிலர் தங்கள் பணியிடத்தைப் பற்றித் தாங்களே முடிவெடுத்தார்கள் என்ற அடிப்படைச் செய்தி பின்னால் போய்விடுகிறது. அந்த நடைமுறையின் உண்மையான சாதனையும் அதன் ஆழமான குறையும் அங்கேதான் இருக்கின்றன.

1910 செப்டம்பர் 1 அன்று, குடியேறிகளும் தொழிலாளர்களும் நெருங்கி வாழ்ந்த போம் ரெத்திரோ பகுதியில், ரயில்வேயிலும் சிறு தொழில்களிலும் உழைத்தவர்கள் கூடித் தொடங்கிய கழகம் இது. வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளின் ஆட்டமாகக் கால்பந்து இருந்த காலத்தில் பிறந்ததால் ‘மக்களின் அணி’ என்ற அடையாளம் அதற்கு இயல்பாக வந்து சேர்ந்தது. 1954ஆம் ஆண்டுக்கான மாநிலக் கோப்பையை வென்றபின் அடுத்த மாநிலக் கோப்பைக்காக 1977 வரை காத்திருக்க நேர்ந்தபோதும் ரசிகர்கள் குறையவில்லை. 1976 டிசம்பரில் புளுமினென்சே அணிக்கு எதிரான அரையிறுதியைக் காண ரியோவின் மரக்கானா அரங்குக்குச் சென்றவர்கள் சுமார் 70,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. ஆனால் மக்களின் அணி என்று பெயர் பெற்ற கழகத்தின் நிர்வாகமோ புரவலர்களின் கையில் இருந்தது. 1960களில் இராணுவ ஆட்சியின் ஆதரவுக் கட்சியைச் சேர்ந்த வாடி எலூவும், 1970களில் விசென்டே மாத்தேயுஸும் கழகத்தைத் தம் சொந்தச் சொத்தைப் போல நடத்தினார்கள்.

1981இல் அணி மோசமாகத் தோற்று, அடுத்த ஆண்டின் தேசியப் போட்டியில் இரண்டாம் தரப் பிரிவில் தொடங்க வேண்டிய நிலைக்குத் தாழ்ந்தது. 1982இல் தலைவர் வால்டெமார் பீரெஸ், கால்பந்து நிர்வாகத்தில் அனுபவம் இல்லாத சமூகவியலாளர் அடில்சன் மோன்தெய்ரோ ஆல்வெஸைக் கால்பந்துப் பிரிவின் இயக்குநராக நியமித்தார். அவர் உத்தரவு போடுவதற்கு முன் வீரர்களின் குறைகளைக் கேட்க உட்கார்ந்தார். மருத்துவம் படித்த சாக்ரடீஸ், தொழிற்சங்க ஈடுபாடு கொண்ட விளாதிமிர், இளைஞரான கசகிராண்டே ஆகியோர் அந்த வாய்ப்பை இறுகப் பற்றிக்கொண்டார்கள். புதிய ஆட்டக்காரரைச் சேர்ப்பது முதல் பயண ஏற்பாடு வரை வாக்கெடுப்புக்கு வந்தது. வீரர்களுக்கு மட்டுமன்றி, உடல் பிடித்துவிடுபவருக்கும் ஆட்டச் சீருடைகளைப் பராமரிப்பவருக்கும் சமமான ஒரு வாக்கு உண்டு என்பதே நெறியாக இருந்தது.

இந்த வாக்கெடுப்புகளில் ‘கொன்சென்ட்ராசாவ்’ குறித்ததே எல்லாவற்றினும் முக்கியமானது. போட்டிக்கு முந்தைய நாள்களில் வீரர்களை வீட்டுக்கு விடாமல் விடுதியில் அடைத்துக் காவல் வைக்கும் வழக்கத்துக்கு அந்தப் பெயர். குடிப்பார்கள், இரவில் ஊர் சுற்றுவார்கள், தம்மைத் தாமே கட்டுப்படுத்தத் தெரியாதவர்கள் என்ற அவநம்பிக்கையின் மேல் கட்டப்பட்ட அந்த வழக்கம், வறுமையிலிருந்து வந்த, பெரும்பாலும் கறுப்பினத்தவரோ கலப்பினத்தவரோ ஆன ஆட்டக்காரர்களை வயது வந்த மனிதர்களாகவே கருதவில்லை. முதலில் மணமானவர்களுக்கு அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. மனைவி மக்களோடு உறங்கி எழுந்து ஆட்டத்துக்கு வருவது வீரரின் பொறுப்பு என்றானது. ஆட்சியாளரை எதிர்த்து ஒரு முழக்கம் எழுப்புவதைவிட, ‘உன்னை நம்புகிறோம்’ என்று ஒரு தொழிலாளியிடம் நிர்வாகம் சொல்ல நேர்ந்த இந்த மாற்றம் ஆழமானது என்றே மதிப்பிட வேண்டும். கட்டுப்பாடு தளர்ந்தால் அணி சீர்கெடும் என்று எச்சரித்தவர்களுக்கு 1982, 1983 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இறுதிப் போட்டியில் சாவோ பாவுலோ அணியை வீழ்த்தி வென்ற மாநிலக் கோப்பைகள் விடையளித்தன.

வெளியுலகு அறிந்த பக்கம் இதன் நீட்சியே. சட்டையில் விளம்பரம் இடம்பெற அனுமதி கிடைத்த புதிதில், அந்த இடத்தை வணிகப் பெயருக்குக் கொடுக்காமல், 1982 நவம்பர் 15 அன்று வாக்களிக்கச் செல்லுங்கள் என்ற அழைப்பைப் பொறித்துக்கொண்டு அணி ஆடியது. மாநில ஆளுநர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 1960களுக்குப் பின் அன்றுதான் திரும்பக் கிடைத்தது. 1984இல் குடியரசுத் தலைவரையும் நேரடியாகத் தேர்ந்தெடுக்கக் கோரிய இயக்கத்தின் மேடையில், அதற்கான சட்டத்திருத்தம் நிறைவேறினால் இத்தாலிக்குப் போகாமல் நாட்டிலேயே இருப்பேன் என்று சாக்ரடீஸ் அறிவித்தார். ஏப்ரல் 25 அன்று 298 வாக்குகள் பெற்ற திருத்தம், தேவையான 320ஐ எட்டாமல் வீழ்ந்தது. அவர் பியோரென்தினா கழகத்துக்குப் போனார்.

வாக்கு சமமாக இருந்தபோதிலும் குரல்கள் சமமாக இருந்தனவா என்ற கேள்வியை இந்த நடைமுறையின் ஆதரவாளர்கள் போதிய அளவு எதிர்கொள்ளவில்லை. தேசிய அணித் தலைவரான சாக்ரடீஸ் ஒரு கருத்தைச் சொன்னபின், அணியில் இடம் நிலைக்குமா என்று அஞ்சும் மாற்று ஆட்டக்காரர் எதிர்த்துக் கை தூக்குவது எளிதன்று. 1983இல் கோல்காப்பாளர் லியாவைச் சேர்த்தபோது அனைவரின் வாக்கையும் கேளாமல் முன்னணி வீரர்கள் சிலரோடு மட்டும் கலந்து முடிவெடுக்கப்பட்டதென்ற குற்றச்சாட்டு எழுந்தது. அவர் இந்த நடைமுறையையே ஏற்காதவர் என்பதால், உள்ளே பிளவும் வளர்ந்தது. ஆனால் இதைக் கொண்டு முழு முயற்சியையும் ‘நட்சத்திரங்களின் ஜனநாயகம்’ என்று ஒதுக்குவது நியாயமாகாது. செல்வாக்கு ஏற்றத்தாழ்வு எல்லா அவைகளிலும் உண்டு. வாக்கெடுப்பே இல்லாத மற்றக் கழகங்களில் அதே மாற்று ஆட்டக்காரருக்கு முணுமுணுக்கவும் இடமில்லை.

இதனினும் பெரிய குறை அமைப்பில் இருந்தது. வீரர்களின் வாக்குரிமை கழகத்தின் விதிகளில் எழுதப்படவே இல்லை. தலைவர் ஒருவர் நியமித்த இயக்குநர், தம் விருப்பத்தால் பகிர்ந்துகொண்ட அதிகாரமாகவே அது கடைசிவரை இருந்தது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் வீரரின் பதிவைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, விலை பேசாமல் அவரை வேறிடம் போகவிடாதிருக்கக் கழகத்துக்கு உரிமையளித்த ‘பாஸே’ முறையும் அசையாமல் நின்றது. எந்த விடுதியில் தங்குவது என்று வாக்களித்தவர், எந்தக் கழகத்தில் உழைப்பது என்பதைத் தாமே தீர்மானிக்க இயலவில்லை. அந்தத் தளை 1998இல் இயற்றப்பட்ட பெலே சட்டத்தால்தான் அறுந்தது.

வெளியே இருந்த ரசிகர்களைச் சேர்த்துக்கொள்ளாததும் இதே குறையின் மறுபக்கம். எலூவின் ஆதிக்கத்தை எதிர்க்கவே 1969இல் ‘காவியோயிஸ் த பியெல்’ என்ற ரசிகர் அமைப்பு உருவாகியிருந்தது. அரசியல் கைதிகளுக்கும் நாடுகடந்தோருக்கும் பொதுமன்னிப்புக் கோரும் பதாகை 1979இலேயே கொரிந்தியன்ஸ் ரசிகர் கூட்டத்திடையே அரங்கில் விரிந்தது. இத்தனை அரசியல் முதிர்ச்சி பெற்ற ஒரு கூட்டத்துக்குக் கழகத்தின் தேர்தலில் இடம் தேட யாரும் முனையவில்லை. 1985இல் கழகத் தலைவர் பதவிக்கு அடில்சன் போட்டியிட்டபோது முடிவு செய்தவர்கள், உடைமாற்றும் அறையில் மூன்று ஆண்டுகள் கை தூக்கிய வீரர்களும் அல்லர், மரக்கானாவுக்குப் படையெடுத்த ரசிகர்களும் அல்லர். பழைய விதிகளின்படி வாக்குரிமை பெற்றிருந்த கழகத்தாரே. அவர் தோற்றார், புதிய நிர்வாகம் பழைய முறைக்குத் திரும்ப ஒரு விதியையும் திருத்த வேண்டியிருக்கவில்லை.