பன்னிரண்டாவது கழி

அடிமைகளைப் பற்றிய சினிமா என்றால் நாம் எதிர்பார்ப்பது தெரியும். சங்கிலி, சவுக்கு, கடைசி ரீலில் கோர்ட்டில் உருக்கமாக வாதாடும் ஒரு நல்ல வெள்ளைக்காரர். டோமாஸ் குத்தியெரஸ் ஆலேயா 1976-ல் எடுத்த 'கடைசி விருந்து' என்கிற கியூபப் படத்தில் சவுக்கை விட அதிகமாக பயமுறுத்துவது எஜமானனின் அன்பு.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி வருஷங்கள். கியூபாவில் ஒரு சர்க்கரை ஆலை. முதலாளி ஒரு பிரபு, பழுத்த பக்திமான். புனித வியாழனன்று பன்னிரண்டு அடிமைகளைப் பொறுக்கியெடுத்து, ஏசு சீடர்களுக்குச் செய்தது போலக் கால் கழுவி முத்தமிடுகிறார் (முகத்தில் லேசாக அருவருப்பு). அப்புறம் தன் மேஜையிலேயே உட்கார வைத்து விருந்து. ஓடிப்போய்ப் பிடிபட்டுக் கங்காணியிடம் காதைப் பறிகொடுத்த செபாஸ்டியனுக்கு அவர் பக்கத்திலேயே இடம். "நான் யார், சொல்" என்று வற்புறுத்துகிறார். செபாஸ்டியன் முகத்தில் காறித் துப்புகிறான். பிரபு அதையும் தாங்கிக்கொள்கிறார். அவருக்குத் தன் மேலேயே மரியாதை கூடுகிறது!

இந்த விருந்து நீளம்தான். கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் படமே அதில்தான் இருக்கிறது. அடியும் அவமானமும் பட்டு அதைக் கடவுளுக்காக சந்தோஷமாகப் பொறுத்துக்கொள்வதே பரிபூரண ஆனந்தம் என்று புனித பிரான்சிஸ் கதையைச் சொல்கிறார் பிரபு. அப்படியானால் கங்காணி அடிக்கும்போது நாங்கள் சந்தோஷப்பட வேண்டுமா என்று ஓர் அடிமை கேட்க, மேஜையே சிரிக்கிறது. அந்தச் சிரிப்புக்கு எந்த மதபோதகரிடமும் பதில் இருக்கும் என்று தோன்றவில்லை. விடுதலை கேட்ட ஒரு கிழவருக்கு உடனே கொடுத்தும் விடுகிறார். கிழவர் நாலு அடி வைத்து, எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிறார். செபாஸ்டியன் தன் பங்குக்கு ஒரு கதை சொல்கிறான். உண்மைக்கும் பொய்க்கும் சண்டை வந்து, தலை போன உண்மை தடவித் தடவிப் பொய்யின் தலையை எடுத்து மாட்டிக்கொண்டதாம். சொல்லிக்கொண்டே மேஜையிலிருந்த பன்றித் தலையைத் தன் முகத்துக்கு நேரே பிடிக்கிறான். பிரபுவோ நாற்காலியில் தூங்கிப்போய்விட்டார்.

போதையில் அவர் ஒரு வாக்கும் கொடுத்திருந்தார்: நாளை புனித வெள்ளி, யாரும் வேலை செய்ய வேண்டாம். விடிந்ததும் கங்காணி வழக்கம்போல வேலைக்கு விரட்டுகிறான். பாதிரியார் ஓடிப்போய் முறையிட்டும் பயனில்லை. அடிமைகள் கேட்டது எஜமான் வாயாலேயே சொன்ன ஒரு நாள் லீவு, அவ்வளவுதான். கலகம் மூள்கிறது, கங்காணி சாகிறான். நேற்று முத்தமிட்ட கால்களின் சொந்தக்காரர்களைத் தேடிப் பிடித்துத் தலையை வெட்டச் சொல்கிறார் பிரபு.

அவரை வெறும் வேஷதாரி என்று தள்ளிவிட முடியவில்லை. வியாழன் ராத்திரி அவர் விட்ட கண்ணீர் நிஜம் என்றே தோன்றுகிறது (நெல்சன் வில்யாக்ரா என்ற சிலி நாட்டு நடிகர், அபாரம்). அந்த பக்திக்குள் ஆலைக் கணக்கு மட்டும் நுழையவில்லை. கியூபாவில் அடிமை முறை ஒழிய 1886 ஆயிற்று.

ஈஸ்டரன்று பதினோரு கழிகளில் தலைகள். பன்னிரண்டாவது காலி. செபாஸ்டியன் மலையேறி ஓடிக்கொண்டிருக்கிறான். இடையிடையே பாயும் குதிரைகள், உருளும் பாறைகள். எனக்கு இது கொஞ்சம் போஸ்டர்தனமாகப் பட்டது.

கதைக்கு மூலம், மோரேனோ ஃப்ராஹினால்ஸ் என்ற சரித்திர ஆசிரியர் சர்க்கரை ஆலைகள் பற்றி எழுதிய புத்தகத்தில் ஒரே ஒரு பத்தி. நிஜமாகவே நடந்தது. அங்கே பன்னிரண்டு கழிகளிலும் தலை இருந்தது.