பாடியவர் யார்?

'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாடல் 2024 தொடக்கத்தில் வந்தபோது, பாட்டைவிடப் பாடகர் பட்டியல்தான் அதிகம் பேசப்பட்டது. பம்பா பாக்யா 2022-ல் காலமானவர். சாகுல் ஹமீது மறைந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. இருவர் குரலையும் செயற்கை நுண்ணறிவால் மீட்டிருந்தார் ஏ.ஆர்.ரஹ்மான். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய தொகையும் கொடுத்ததாக அவரே தெரிவித்தார். அதே ஆண்டு 'கோட்' படத்தில் மறைந்த பாடகி பவதாரிணியின் குரலும் இப்படி ஒலித்தது.

'திருடா திருடா'வில் வாத்தியங்களே இல்லாமல், கோரஸை மட்டும் துணைக்கு வைத்து சாகுல் ஹமீது பாடியதைக் கேட்டவர்களுக்கு அந்தக் குரல் திரும்ப வந்ததில் சந்தோஷம் இருக்கத்தான் செய்யும். எனக்கும் இருந்தது. ஆனால் வந்தது அவர் பாட்டா?

இந்த வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் சந்தேகம் வலுக்கிறது. பெரும்பாலும், உயிரோடிருக்கும் ஒரு பாடகர் முழுப் பாட்டையும் மைக் முன்னால் பாடுகிறார். சங்கதி, மூச்சை எடுக்கும் இடம், சொல்லை அழுத்தும் விதம் எல்லாம் அவருடையவை. பழைய பதிவுகளில் பழகிய மென்பொருள், அதன்மேல் மறைந்தவரின் குரல்வாகை ஏற்றுகிறது. அதாவது இயந்திரம் பாடுவதில்லை, வேடம் போட்டுவிடுகிறது.

2023-ல் பீட்டில்ஸ் வெளியிட்ட 'நவ் அண்ட் தென்' வேறு வகை. ஜான் லெனன் வீட்டில் பியானோ வாசித்தபடி கேசட்டில் பதிந்த பாட்டு அது. பியானோ ஒலிக்குள் புதைந்திருந்த குரலை மென்பொருள் பிரித்துக் கொடுத்தது. லெனன் பாடியது லெனன் பாடியதாகவே இருந்தது. இதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

சட்டம் இன்னும் தடுமாறுகிறது. 2024-ல் பாடகர் அரிஜித் சிங்கின் குரலைப் போலி செய்யும் தளங்களுக்கு மும்பை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஆனால் மறைந்த நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் வழக்கில், ஆளுமை உரிமை அவரோடே முடிந்தது, வாரிசுக்குப் போகாது என்றது டெல்லி உயர் நீதிமன்றம், 2023-ல். ஆக, மறைந்தவரின் குடும்பத்திடம் அனுமதி கேட்பது பெரிதும் கேட்பவரின் பண்பைப் பொறுத்தது. ரஹ்மான் கேட்டார். எல்லோரும் கேட்பார்கள் என்று நம்ப முடியாது.

அனுமதி விவகாரத்தையாவது எல்லோரும் பேசுகிறார்கள். மைக் முன்னால் உண்மையில் பாடும் அந்த டிராக் பாடுகிறவரைப் பற்றிப் பேச்சே இல்லை. பெரிய பாடகர் வரும்வரை மாதிரிக்குப் பாடிவைக்கும் வேலை அது. சம்பளம் குறைவு, பெயர் வராது. ஆனாலும், 'இந்தக் குரலே நல்லாயிருக்கே, இதையே வெச்சுக்கலாம்' என்று இசையமைப்பாளர் சொல்லிவிட்டால் அன்றே புதுப் பாடகர் பிறந்துவிடுவார். இப்போது அவர் பாடியது அப்படியே பாட்டில் இருந்தும், அவர் குரல் இல்லை. வாய்ப்பு வரும் வாசலையே அடைத்துவிட்டு அதற்கு அஞ்சலி என்று பெயர் வைப்பது எனக்கு உவப்பாக இல்லை.

இசையமைப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'குரல்' என்று மறைந்தவர் பெயரைப் போடுங்கள். அதற்குப் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில், 'பாடியவர்' என்று டிராக் பாடியவர் பெயரையும் போடுங்கள்.