727 குதிரைகள் இழுக்கும் இரண்டரை டன்

பி.எம்.டபிள்யூ. 2024-இல் அறிமுகம் செய்த புதிய எம்5 செடானின் திறன் 727 குதிரைத்திறன், டார்க் 1,000 நியூட்டன் மீட்டர். நாற்பது வருட எம்5 வரலாற்றில் இவ்வளவு பெரிய எண்கள் இதற்கு முன் வந்ததில்லை. ஆனால் அதே அட்டவணையில் இருக்கும் இன்னொரு எண்தான் கார் பிரியர்களை நிமிர்ந்து உட்கார வைக்கிறது. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்ட இந்தக் காருக்கு 3.5 விநாடி ஆகிறது. முந்தைய தலைமுறையின் எம்5 காம்பெட்டிஷன், 625 குதிரைத்திறனை மட்டும் வைத்துக்கொண்டு அதை 3.3 விநாடியில் முடித்துவிட்டது. நூறு குதிரைகள் கூடிய பிறகும் கார் ஒரு மயிரிழை பின்தங்கியிருக்கிறது.

காரணம் எடை. புதிய எம்5-இன் எடை 2,435 கிலோ. பழையது சுமார் 1,900 கிலோ. ஏழெட்டுப் பெரியவர்களை எந்நேரமும் ஏற்றிக்கொண்டு ஓடுவதற்குச் சமமான சுமை கூடியிருக்கிறது. ஒரு குதிரைத்திறன் இழுக்கவேண்டிய எடை எவ்வளவு என்று கணக்குப் போட்டால் விஷயம் விளங்கிவிடும். பழைய காரில் ஏறத்தாழ 3.04 கிலோ, புதிய காரில் 3.35 கிலோ. 1985-இல் வந்த முதல் எம்5 மொத்தமே 1,430 கிலோதான். எம்1 என்ற ஸ்போர்ட்ஸ் காருக்காக உருவான ஆறு சிலிண்டர் என்ஜினைக் கொஞ்சம் மாற்றி, அடக்கமான ஒரு குடும்பக் காருக்குள் பொருத்தியிருந்தார்கள். அதன் திறன் 286 குதிரைத்திறன். அந்த முதல் எம்5-ஐவிட இன்றைய கார் ஏறத்தாழ ஒரு டன் கூடுதல் கனம்.

இதை வைத்துப் புதிய காரை ஒதுக்கிவிடுவது அவசரம். ஒரு டன் கூடுதல் சுமையை வைத்துக்கொண்டு ஒரு செடானை எப்படி ஓட வைப்பது, எப்படித் திருப்புவது, எப்படி நிறுத்துவது என்ற கேள்விக்கு இந்தக் காரின் ஒவ்வொரு பாகமும் பதில் சொல்ல முயல்கிறது. அந்த முயற்சிதான் இதில் பார்க்க வேண்டிய சங்கதி.

எடை ஏறியதற்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதிய கார்களின் சராசரி கரியமில வாயு வெளியீட்டுக்கு 2020 முதல் கிலோமீட்டருக்கு 95 கிராம் என்ற இலக்கு வந்தது. தனக்குரிய இலக்கை ஒரு நிறுவனம் தாண்டினால், கூடும் ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ கட்ட வேண்டும். வெறும் பெட்ரோலில் ஓடும் பெரிய வி8 செடானுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. அதனால்தான் எம்5-க்குள் முதன்முறையாகச் சார்ஜ் செய்யக்கூடிய ஹைபிரிட் அமைப்பு நுழைந்தது. தரைக்கு அடியில் 18.6 கிலோவாட் மணி பயன்படு கொள்ளளவுள்ள பேட்டரி, கியர்பாக்ஸ் கூட்டுக்குள் ஒரு மின் மோட்டார். ஐரோப்பியச் சோதனை முறைப்படி இந்தக் கார் 100 கிலோமீட்டருக்கு 1.7 லிட்டருக்கு மேல் குடிக்காது. லிட்டருக்கு 60 கி.மீ. என்று அதைப் படித்துவிட்டு யாரும் மகிழ்ந்துவிட வேண்டாம். தவறாமல் சார்ஜ் போட்டு, பெரும்பகுதி மின்சாரத்திலேயே ஓட்டுவார்கள் என்ற அனுமானத்தின் மேல் கட்டிய எண் அது. பேட்டரி தீர்ந்த பிறகு இதுவும் பசியுள்ள ஒரு வி8 கார்தான்.

மோட்டாரைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அது தரும் திறன் 197 குதிரைத்திறன், டார்க் 280 நியூட்டன் மீட்டர். மோட்டாரை நேரடியாகக் கியர்பாக்ஸோடு இணைக்காமல், நடுவில் ஒரு சிறு பற்சக்கர அடுக்கை வைத்திருக்கிறார்கள். அதன் வழியாகப் போகும்போது 280 என்பது கியர்பாக்ஸின் வாயிலில் 450 நியூட்டன் மீட்டராகப் பெருகிவிடுகிறது. மோட்டாரின் அளவையும் எடையையும் ஏற்றாமல் இழுவையை மட்டும் ஏற்றிக்கொள்ளும் கெட்டிக்காரத்தனம் இது. மோட்டார் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருப்பதால் இன்னொரு லாபமும் உண்டு. மின்சாரத்தில் ஓடும்போதும் எட்டு கியர்களும் வேலை செய்கின்றன. சக்தி நான்கு சக்கரங்களுக்கும் போகிறது.

என்ஜின் 4.4 லிட்டர், இரட்டை டர்போ வி8. அது மட்டும் 585 குதிரைத்திறனும் 750 நியூட்டன் மீட்டரும் தருகிறது. 585-உடன் 197-ஐக் கூட்டினால் 782 வருமே, 727 எப்படி என்று கேட்கலாம். என்ஜினும் மோட்டாரும் உச்சத்தைத் தொடும் சுழற்சி வேகங்கள் வேறு வேறு. அதற்கு மேல், கியர்பாக்ஸும் அச்சுகளும் தாங்கும் அளவுக்கு மென்பொருள் ஒரு கடிவாளமும் போடுகிறது. டார்க் 1,000 என்ற உருண்டை எண்ணில் நிற்பதும் அதனால்தான்.

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் சத்தமே வராது. எம்5 என்ற பெயரை வி8 உறுமலோடு சேர்த்தே நினைத்துப் பழகியவர்களுக்கு இந்த முதல் நிமிடம் விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் நகருக்குள் இதுதான் இந்தக் காரின் மிக இனிமையான முகம். முழு சார்ஜில் ஐரோப்பியச் சோதனைக் கணக்குப்படி 67 முதல் 69 கி.மீ. வரை பெட்ரோல் இல்லாமல் ஓடும். மின்சாரத்தில் மட்டும் மணிக்கு 140 கி.மீ. வரை போகலாம். ஏ.சி.யும் நெரிசலும் சேர்ந்தால் தூரம் குறையும். குறைந்தாலும், வீட்டிலிருந்து அலுவலகம் போய்வர வி8 என்ஜின் ஒரு சொட்டுப் பெட்ரோலையும் தொடாமல் உறங்கிக் கிடக்கலாம். இரவில் வீட்டில் சார்ஜ் போட்டால் போதும். ஒரு சூப்பர் செடான் அதிகாலையில் தெருவை எழுப்பாமல் கிளம்பிப் போவதை அக்கம்பக்கத்தார் கட்டாயம் வரவேற்பார்கள்.

நெடுஞ்சாலையில் மிதியை ஆழமாக அழுத்தும்போது ஹைபிரிட்டின் இன்னொரு பயன் தெரிகிறது. எந்த டர்போ என்ஜினுக்கும் மிதியை அழுத்திய கணத்துக்கும் இழுவை வரும் கணத்துக்கும் இடையே ஒரு சிறு மூச்சு வாங்கல் உண்டு. புகைவாயு டர்பைனைச் சுழற்றிக் காற்றழுத்தம் ஏறும் வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியை இங்கே மோட்டார் நிரப்பிவிடுகிறது. தாழ்ந்த சுழற்சியிலேயே வலுவான இழுவை தயாராக இருக்கிறது. முந்திச்செல்ல இடம் கிடைத்த கணத்திலேயே கார் பாய்ந்துவிடுகிறது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் இடது துடுப்பைச் சற்று நேரம் இழுத்துப் பிடித்தால் என்ஜின், மோட்டார், கியர், சஸ்பென்ஷன் எல்லாம் ஒரே நேரத்தில் உச்ச நிலைக்குத் தாவுகின்றன. 3.5 விநாடிக் கணக்கு ஏமாற்றம் தந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் காரில் 80-லிருந்து 120-க்குத் தாவும்போது ஒருவருக்கும் குறை தோன்றாது. கனமான காருக்கு நின்ற இடத்திலிருந்து கிளம்புவதுதான் கடினம். ஓட்டம் பிடித்த பிறகு திறன் பேசத் தொடங்கிவிடுகிறது.

வளைவில்தான் எடையின் வழக்கு விசாரணைக்கு வருகிறது. சாதாரண 5 சீரிஸைவிட முன்பக்கச் சக்கர வளைவுகள் 75 மி.மீ., பின்பக்கம் 48 மி.மீ. அகலம். முன்னால் 20 அங்குலச் சக்கரத்தில் 285 மி.மீ. டயர், பின்னால் 21 அங்குலத்தில் 295 மி.மீ. டயர். பேட்டரி தரையோடு தாழ்ந்து கிடப்பதால் புவியீர்ப்பு மையமும் தாழ்ந்திருக்கிறது. எடை ஏறியதிலும் ஒரு நன்மை கிடைத்த இடம் அது. பின்சக்கரங்களும் 1.5 டிகிரி வரை திரும்புகின்றன. மெதுவாகப் போகும்போது முன்சக்கரங்களுக்கு எதிர்த் திசையில் திரும்பி, காரைச் சின்னதாக்கிக் காட்டுகின்றன. வேகத்தில் அதே திசையில் திரும்பி, லேன் மாறும்போது நிதானம் தருகின்றன. இத்தனையும் சேர்ந்து, ஐந்து மீட்டரைத் தாண்டிய நீளமும் 1.97 மீட்டர் அகலமும் உள்ள காரை நம்பமுடியாத சுறுசுறுப்போடு வளைவுக்குள் நுழைய வைக்கின்றன. ஆனால் ஒரு வளைவிலிருந்து எதிர் வளைவுக்கு உடனே திருப்பும் இடத்தில், உடம்பு ஒரு கணம் தாமதித்துத்தான் பின்தொடர்கிறது. மென்பொருள் எவ்வளவு சாமர்த்தியம் காட்டினாலும் நிறையின் பிடிவாதத்தை மறைக்க முடியவில்லை.

பிரேக் விஷயத்தில் கணக்கு இன்னும் கறார். இயக்க ஆற்றல் எடைக்கு நேர்விகிதத்தில் ஏறும். அதே வேகத்தில் இந்தக் காரை நிறுத்த, பழைய காரைவிட ஏறத்தாழ 28 சதவீதம் கூடுதல் ஆற்றலை விழுங்க வேண்டும். முன்சக்கரங்களில் 410 மி.மீ. டிஸ்க்கும் ஆறு பிஸ்டன் காலிப்பரும் வைத்திருப்பது அதற்குத்தான். ஒரு பகுதி வேகத்தை மோட்டார் மின்சாரமாக மாற்றிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. சாலையில் ஓட்ட இது தாராளம். பந்தயத் தடத்துக்கு அடிக்கடி போகிறவர் கூடுதல் விலைக்குக் கிடைக்கும் கார்பன் செராமிக் டிஸ்க்குகளைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். எடையிலும் 25 கிலோ குறையும். கண்ணாடிக் கூரைக்குப் பதில் கார்பன் கூரையைத் தேர்ந்தெடுத்தால் இன்னொரு 30 கிலோ போகும், அதுவும் காரின் உச்சந்தலையிலிருந்து.

நிலைப்புக் கட்டுப்பாட்டை முழுதாக அணைத்தால் மட்டும், சக்தி முழுவதையும் பின்சக்கரங்களுக்கே அனுப்பும் வசதி திறக்கிறது. 1,000 நியூட்டன் மீட்டர் இரண்டே டயர்கள் வழியாகத் தரைக்கு இறங்குவதைப் பொதுச் சாலையில் ஒருபோதும் சோதித்துப் பார்க்கக் கூடாது. மூடிய தடத்தில், கைதேர்ந்த ஓட்டுநருக்கு, இந்தக் காரின் பழைய ஆன்மா அங்கேதான் கிடைக்கும்.

உள்ளே இருக்கைகள் அருமை, கட்டுமானம் திடம். குறை சொல்ல வேண்டியது திரையைப் பற்றித்தான். ஏ.சி.யின் காற்றளவு தொடங்கிப் பல அமைப்புகள் திரைப் பட்டியல்களுக்குள் புதைந்து கிடக்கின்றன. 727 குதிரைத்திறன் காரில் ஓட்டுநரின் கண் சாலையை விட்டு விலகவே கூடாது. ஸ்டீயரிங்கில் இருக்கும் எம்1, எம்2 என்ற இரு சிவப்புப் பொத்தான்களில் பிடித்த அமைப்புகளை முன்கூட்டியே சேமித்துவைத்துக்கொண்டால் தொல்லை பாதியாகும்.

இந்தியாவில் இந்தக் கார் 2024 நவம்பரில் 1.99 கோடி ரூபாய் ஷோரூம் விலையில் வந்தது. செங்கல்பட்டு மாவட்டம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. ஆலை இயங்கினாலும், எம்5 முழுதாகக் கட்டி முடிக்கப்பட்டு ஜெர்மனியிலிருந்துதான் இறங்குகிறது. விலையில் சுங்க வரிக்குப் பெரிய பங்கு. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுட்கால வரி 20 சதவீதம் என்பதால், பதிவுக்கே ஏறத்தாழ 40 லட்சம் எடுத்துவைக்க வேண்டும். நம் விரைவுச்சாலைகளில் உச்ச வரம்பு 120 கி.மீ.; காரோ 250-இல் மின்னணுப் பூட்டு போட்டு வைத்திருக்கிறது, கூடுதல் பணம் கட்டினால் 305 வரை அவிழும். காரை உயர்த்திக்கொள்ளும் ஏர் சஸ்பென்ஷன் கிடையாது. பெயின்ட் கூட அடிக்காத வேகத்தடைகளும் மழைக்குப் பிந்தைய பள்ளங்களும் 21 அங்குலச் சக்கரத்துக்கும் மெல்லிய டயருக்கும் நல்லதல்ல.

பின் இருக்கையில் உட்கார்ந்து போகிறவர்கள் இதை வாங்கத் தேவையே இல்லை. செங்கல்பட்டு ஆலையிலேயே ஒன்றுசேர்க்கப்படும் 5 சீரிஸ் 530எல்ஐ-யின் சக்கர இடைவெளி 3,105 மி.மீ.; எம்5-இல் 3,006 மி.மீ.தான். அந்தக் கார் 2024-இல் 72.9 லட்சத்துக்கு வந்தது, கால் நீட்ட இடமும் அதில்தான் அதிகம். போர்ஷேயின் பனமேரா டர்போ இ-ஹைபிரிட் 680 குதிரைத்திறனில் 3.2 விநாடியில் 100-ஐ எட்டுகிறது. தானே ஓட்டி, வளைவுகளை ரசிக்கிறவர் அதையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. வார நாட்களில் மின்சாரத்தில் அமைதியாக வேலைக்குப் போய், வார இறுதியில் குடும்பத்தோடு ஒரே மூச்சில் ஐநூறு கிலோமீட்டர் ஓட்டி, வருடத்தில் சில நாள் தடத்திலும் இறக்க ஒரே கார் வேண்டும் என்பவருக்கு எம்5 பொருந்தும். அவர் ஆர்டர் படிவத்தில் கார்பன் கூரை, செராமிக் பிரேக் இரண்டையும் டிக் செய்துவிட்டு, 305 கி.மீ. வேகப் பொதியைத் தயங்காமல் விட்டுவிடலாம்.