கத்தரியும் குண்டூசியும்

தாளை வெட்டுவதும் ஒட்டுவதும் சிறுவர்க்கு உரிய விளையாட்டு. தேர்ந்த ஓவியருக்கு அஃது ஏற்குமோ என ஐயுறுவார் உளர். பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ் (1869–1954) இறுதிக்காலத்தில் ஆக்கிய வெட்டுத்தாள் ஓவியங்கள் அவ்வையத்தைப் போக்க வல்லன.

'கொலாஜ்' எனும் ஒட்டுச் சித்திரத்தை 1912இல் பிக்காசோவும் பிராக்கும் புத்தோவியத்துள் புகுத்தினர். மத்தீஸோ, 1930களின் தொடக்கத்தில் ஒரு பெருஞ்சுவரோவியத்தைத் திட்டமிடுகையில், உருவங்களை இடம் மாற்றிப் பார்க்கவே வண்ணத்தாளை வெட்டினார். அன்று அது வெறுந்துணைக் கருவி. 1941இல் கடும் அறுவை மருத்துவத்திற்கு ஆளானபின், நெடுநேரம் நின்று தீட்டும் வலிமை குன்றியது. உதவியாளர் தாளில் வண்ணம் பூசித் தந்தனர். அவர் அமர்ந்தபடியே கத்தரியால் உருவம் வெட்டினார். துணைக்கருவி தனிக்கலையாயிற்று.

1946இல் பாரிஸ் இல்லத்துச் சுவரில் ஒரு கறை. அதை மறைக்கத் தகைவிலான் குருவி ஒன்றை வெட்டிப் பொருத்தினார். அதனருகே மீன், பாசி, பவளம் எனப் பெருகி, 1930இல் அவர் கண்ட தாகித்தித் தீவின் கடலும் வானும் அச்சுவரில் விரிந்தன. விளையாட்டாய்த் தொடங்கியது வினையாய் முற்றியது.

இங்கு உற்றுநோக்கத் தக்கது குண்டூசி. ஊசியால் குத்திய தாளைப் பெயர்க்கலாம், திருப்பலாம், வேண்டாவெனின் நீக்கலாம். 1953இல் ஆக்கிய 'நத்தை', ஏறத்தாழ மூன்று மீட்டர்ச் சதுரம். அதன் வண்ணத் துண்டுகளும் முதலில் குத்தப்பட்டுப் பின்னரே ஒட்டப்பட்டன.  நத்தை ஓட்டின் சுழற்சி அதில் உண்டு. எளிமைபோல் தோன்றும் அவ்வமைப்பு, இடம் மாற்றி மாற்றித் தேர்ந்ததன் பயன்.

குறையும் கூறல் வேண்டும். 1947இல் 20 படங்களுடன் வெளிவந்த 'ஜாஸ்' நூல் மத்தீஸுக்கே மனநிறைவு தரவில்லை. வண்ணம் குன்றவில்லை, ஆயினும் தாளின் விளிம்பும், ஒன்றன்மேல் ஒன்று படிந்த மெல்லிய தடிப்பும் அச்சில் மறைந்தன. ஆடிய கையின் சுவடு அழிந்தால், எஞ்சுவது அழகிய கோலமே.

ஆகவே, விளையாட்டு ஒழுங்கின் பகையன்று. முடிவைச் சற்றே தள்ளிவைக்கும் துணிவு அது. ஓவிய வகுப்பில் மாணவர் கையில் பசையை முதலிலேயே கொடுத்துவிடும் ஆசிரியர், அத்துணிவைக் கற்குமுன் பறித்துவிடுகிறார். கத்தரியும் ஊசியும் முன் செல்க. பசை பின் வருக.